மூணு நாள் பிள்ளைக்கு பெல்ட்

பிள்ளை பிறப்பதற்கு முன்னால் அதற்கென்று ஒரு முழத் துணிகூட வீட்டுக்குள் வரக் கூடாது என்பது முருகலட்சுமியின் கண்டிப்பு. மாமியாரிடம் பேச்சு வளர்க்கத் தெம்பில்லாமல்தான் செவ்வந்தி அந்தக் கார் சீட்டை உச்சிப்புளி வீட்டு விலாசத்துக்கு வரவழைக்கவில்லை. தான் கிளார்க்காக இருக்கும் மண்டபம் தபால் ஆபீஸ் விலாசத்தைக் கொடுத்தாள். எட்டாம் மாதம் முடியும் தறுவாயில் பெட்டி வந்தது. மற்ற பார்சல்களோடு அதையும் பதிந்து, பெறுபவர் இடத்தில் தன் கையெழுத்தையே போட்டு, சாக்குப் பைகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். சந்தோஷமும் வரவில்லை, பயமும் வரவில்லை. யாருக்கோ வந்ததை வாங்கி வைத்தது போலத்தான் இருந்தது.

ஒன்றரை வருஷமாக எல்லாமே அப்படித்தான். மணி ஒன்றானால் சாப்பிட்டாள். உப்பு கூடக் குறைய இருந்தால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். சீல் குத்தும்போது கைவிரலில் ஒருநாள் குத்திக்கொண்டாள். நகம் கறுத்து விழுந்து புது நகம் முளைத்தது. வலித்ததா என்று ஜெய்னுலாபுதீன் கேட்டதற்கு, யோசித்துவிட்டு, "தெரியல பாய்" என்றாள். அவர் அந்த ஆபீஸின் தபால்காரர். அதற்குப் பிறகு அவர் அவளிடம் எதையும் துருவிக் கேட்பதில்லை.

நடந்தது இதுதான். முந்தின வருஷம் ஆவணியில் பரமக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவள் புருஷன் காளீஸ்வரன் கார் ஓட்டினான். மின்வாரியத்தில் வயர்மேன். நிதானமானவன். பின்சீட்டில் முருகலட்சுமி, செவ்வந்தி, மகன் முகிலன். முகிலனுக்கு ஒரு வயசு பத்து மாசம். சத்திரக்குடி தாண்டியதும் பையன் புழுக்கத்தில் அழ ஆரம்பித்தான். வண்டியை ஓரங்கட்டினார்கள். செவ்வந்தி அவனைத் தூக்கிக்கொண்டு முன்சீட்டுக்கு வந்தாள். ஏசிக் காற்று முகத்தில் பட்டதும் அழுகை அடங்கியது. அவள் பெல்ட்டை மாட்டிக்கொண்டு அவனை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முன்னால் போன பஸ் ஆள் ஏற்ற நின்றது. காளீஸ்வரன் பிரேக்கை மிதித்தான், போதவில்லை. வேகம் நாற்பதுதான் இருக்கும். டேஷ்போர்டிலிருந்து ஏர்பேக் வெடித்து விரிந்தது. பெரியவர்களைக் காப்பாற்றுவதற்காக வைத்த பை. அதற்கும் அவளுக்கும் நடுவில் முகிலன் இருந்தான்.

அவளுக்கு உதட்டில் ஒரு கீறல். காளீஸ்வரனுக்கு அதுவும் இல்லை. காரின் முன்கண்ணாடிகூட உடையவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். "மடியிலதானே தாயி வச்சிருந்தே. அதுக்கு மேல ஒரு பெத்தவ என்ன செய்ய முடியும்?" ஆறுதலாகத்தான் சொன்னார்கள். அவள் தலையை ஆட்டினாள்.

காரை விற்றுவிட்டார்கள். காளீஸ்வரன் அதன்பின் எந்தக் காரின் ஸ்டியரிங்கையும் தொடவில்லை. அந்த நாளைப் பற்றி அவனும் அவளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மறுபடி அவள் உண்டானபோது தெருவே வந்து விசாரித்தது. "போனவனே திரும்பி வாரான்" என்றார்கள். அதற்கும் தலையை ஆட்டினாள். ஆறாம் மாதம் ஒருநாள் தபால் பிரித்துக்கொண்டிருக்கையில், தான் கேட்கப்போவது தனக்கே தெரியாதவள் போலக் கேட்டாள்.

"பாய், உங்க மக ஷார்ஜாவுல இருந்தப்ப பிள்ளைக்குக் கார்ல தனி சீட்டு வச்சிருந்தாள்ல?"

ஜெய்னுலாபுதீன் கையிலிருந்த தபால் கட்டைக் கீழே வைத்தார். "வச்சிருந்தா. வீட்டுலதான் கிடக்கு. நாளைக்கு வரச் சொல்றேம்மா."

அவர் மகள் நஸீஹா மறுநாள் மத்தியானமே ஆட்டோவில் வந்து இறங்கினாள். இருபத்தேழு வயசு. வாய் ஓயாது. செவ்வந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கப்போகிறாள், முதலில் அதைச் சமாளிக்க வேண்டும் என்று செவ்வந்தி நினைத்திருந்தாள். நஸீஹா அப்படி எதுவும் செய்யவில்லை. சீட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, "அக்கா, இதை உங்களுக்குக் குடுக்க மாட்டேன். காட்டத்தான் கொண்டுவந்தேன்" என்றாள்.

"ஏன்? புதுசு மாதிரிதானே இருக்கு?"

"அங்கன இருக்கப்ப ஒருத்தன் எங்க வண்டியப் பின்னாடி வந்து இடிச்சிட்டான். அல்லாஹ் காப்பாத்தினான், பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. சீட்டுலயும் வெளிய ஒண்ணும் தெரியல. ஆனா உள்ள எங்க கீறல் விட்டிருக்குன்னு யாரு கண்டா? ஒரு தடவை இடிபட்ட சீட்டை மறுபடி நம்பக் கூடாதுக்கா. அங்கன கடையில அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

செவ்வந்தி அந்த நீல பிளாஸ்டிக்கை விரலால் தடவிப் பார்த்தாள். வழவழவென்றிருந்தது.

நஸீஹா சீட்டைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைக் காட்டினாள். செய்த மாசமும் வருஷமும் அச்சில் இருந்தன. "இது இல்லாத சீட்டு வாங்காதீங்க. எத்தனை வருஷம் வரைக்கும் தாங்கும்னு போட்டிருப்பான், அதையும் பாருங்க. சோதிச்சுப் பார்த்ததுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அது முக்கியம். ஆன்லைன்ல கலர் கலரா மெத்தை மாதிரி ஒண்ணு விக்கிறான், அதெல்லாம் வெறும் துணி. அப்புறம், பிறந்த பிள்ளைக்குன்னு போட்டிருக்கணும். ரெண்டரைக் கிலோவுல இருந்து தாங்குதான்னு பாருங்க. வண்டி யாரோடது?"

"வாடகை வண்டிதான். உச்சிப்புளி வேல்ராஜ் வண்டி."

"அப்ப கார் பெல்ட்டுல மாட்டுற சீட்டா வாங்குங்க. பெல்ட் இல்லாம, வண்டிக்குள்ள இருக்கிற கம்பியில கொக்கி போட்டு மாட்டுற சீட்டு எல்லா வண்டிக்கும் சேராது." ஒரு மூச்சு விட்டு மறுபடி தொடங்கினாள். "பிள்ளை முகம் பின்கண்ணாடியப் பார்த்துத்தான் இருக்கணும். திடீர்னு பிரேக் அடிச்சா முதுகு மொத்தமா சீட்டுல சாஞ்சிரும். முன்னாடி பார்த்து வச்சா கழுத்துதான் இழுபடும். பச்சைப் பிள்ளைக்குத் தலைதானே கனம்."

அவள் பேசிக்கொண்டே போனாள். ஒன்றரை வருஷத்தில் யாரும் தன்னிடம் இப்படிப் பேசவில்லை என்று செவ்வந்திக்குத் தோன்றியது. விதி, கண்ணேறு, சாமி குத்தம் என்று எதுவும் இல்லை. வார், கொக்கி, கிலோ, தேதி. கேட்டுக்கொண்டிருக்க முடிந்தது.

சீட் வந்த மறுநாள் சாயங்காலம் காளீஸ்வரனிடம் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"பிள்ளைக்குக் கார் சீட்டு வாங்கியிருக்கேன். ஆபீஸ்ல இருக்கு. சனிக்கிழமை வேல்ராஜ் ராமேஸ்வரம் போயிட்டு வாரப்ப மண்டபத்துல நிக்கச் சொல்லியிருக்கேன். மாட்டிப் பார்க்கணும். நீங்களும் வரணும்."

அவன் சட்டையை ஆணியில் மாட்டினான். ரொம்ப நேரம் மாட்டினான். "வாரேன்" என்றான்.

சனிக்கிழமை மத்தியானம் தபால் ஆபீஸுக்குப் பின்னால் பூவரச மரத்தடியில் வேல்ராஜ் தன் வெள்ளைக் காரை நிறுத்தினான். நஸீஹாவும் வந்திருந்தாள். காளீஸ்வரன் பத்தடி தள்ளி பைக் மேலேயே உட்கார்ந்திருந்தான்.

முதல் தடங்கல் உடனே வந்தது. பின்சீட்டில் பெல்ட்டின் நாக்கு தொங்கியது, அதைச் செருகும் கொக்கியைக் காணவில்லை. புது ரெக்ஸின் உறையை அதற்கு மேலேயே போட்டு இறுக்கித் தைத்திருந்தான் வேல்ராஜ்.

"யாருக்கா பின்னாடி பெல்ட் போடுறா? குத்துதுன்னு சவாரிக்காரங்களே உள்ள தள்ளிருவாங்க. அதான் மூடிட்டேன்."

"பிரிக்கணும், வேலு" என்றாள் செவ்வந்தி.

"போன மாசம்தான்க்கா போட்டேன். பாக்க எப்படி இருக்கு பாருங்க."

வயிற்றைத் தாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். கோபமாக நிற்கவில்லை, நின்றாள், அவ்வளவுதான். வேல்ராஜ் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு டிக்கியிலிருந்து கத்தியை எடுத்து வந்து உறையை ஒரு சாண் நீளத்துக்குக் கீறினான். கொக்கி, கடலைத் தோலும் மணலுமாக வெளியே வந்தது. ஊதித் துடைத்து, நாக்கைச் செருகி இழுத்துப் பார்த்தான். டக்கென்று பிடித்தது.

"யாரு மாட்டப்போறது?" என்றாள் நஸீஹா. செவ்வந்தி பைக் பக்கம் பார்த்தாள். "அண்ணே, வாங்க. அக்காவால குனிய முடியாது."

காளீஸ்வரன் வந்தான். கதவருகில் நின்றான். உள்ளே தலையை விடவே அவனுக்கு நேரம் பிடித்தது. கழுத்து வேர்த்து வழிந்தது. நஸீஹா அதைப் பார்த்தும் பாராதவள் போல எதிர்க்கதவு வழியாக ஏறி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள்.

"இடுப்புப் பெல்ட்டை இந்த நீலக் குறி வழியா விடுங்க. தோள் பெல்ட்டைப் பின்னாடி சுத்திக் கொண்டாங்க. முறுக்கு விழக் கூடாது. இப்ப முழங்காலை உள்ள வச்சு அழுத்திக்கிட்டே இழுங்க. இன்னும். அசைச்சுப் பாருங்க."

சீட் நாலு விரக்கடை ஆடியது.

"பெல்ட் போற இடத்துல பிடிச்சு ஆட்டினா ஒரு இஞ்சுகூட நகரக் கூடாதுண்ணே. கழட்டிட்டு மறுபடி மாட்டுங்க."

இரண்டாம் தடவை சீட் ரொம்ப நிமிர்ந்து நின்றது. பக்கவாட்டில் இருந்த கோடு தரைக்குச் சமமாக வர வேண்டும் என்றாள் நஸீஹா. "இல்லேன்னா தூங்குறப்ப தலை நெஞ்சுல கவுந்து மூச்சு முட்டும்." மூன்றாம் தடவை காளீஸ்வரன் கம்பம் ஏறுகிறவனைப் போல உதட்டைக் கடித்துக்கொண்டு, முழு எடையையும் முழங்காலில் போட்டு இழுத்தான். சீட் அசையவில்லை. அவன் பிடித்து ஆட்டினான். மறுபடி ஆட்டினான். வேல்ராஜின் கார்தான் ஆடியது.

"போதும்ணே" என்றாள் நஸீஹா.

அவன் விடவில்லை. செவ்வந்தி போய் அவன் முதுகில் கை வைத்த பிறகுதான் இறங்கினான். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பங்குனியில் ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. சுகப்பிரசவம். எடை இரண்டு கிலோ எண்ணூறு என்று நர்ஸ் சொன்னாள். செவ்வந்தி "சரி" என்றாள். பக்கத்தில் கிடத்தினார்கள். பால் குடிக்கத் தெரிந்த பிள்ளையாக இருந்தது. அவள் நேரம் பார்த்துப் பால் கொடுத்தாள், ஈரத்துணி மாற்றினாள், முதுகைத் தட்டினாள். எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்கும்போது மட்டும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒன்றைப் பார்ப்பது போல இருந்தது. முருகலட்சுமி பேத்தியைக் கையை விட்டு இறக்கவில்லை. மகனின் ஜாடை என்றாள், தன் தாயின் மூக்கு என்றாள், யாருடைய காது என்று தெரியவில்லை என்றாள்.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். வெளியே வந்தபோது வாசலில் வேல்ராஜ் நின்றிருந்தான். காளீஸ்வரன் முன்னதாகவே வந்து பின்சீட்டில் சீட்டை மாட்டிவிட்டு, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றான். முருகலட்சுமி அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். கெட்டித் துண்டில் சுற்றிய பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"என்னாத்தா இது? மூணு நாள் பிள்ளைய பெல்ட் போட்டுக் கட்டுறதா? நான் பின்னாடி மடியில வச்சுக்கிட்டு வாரேன்."

"இதுலதான் வரணும் அத்தே."

"எலும்பே இன்னும் ஊனல. இதுக்குள்ள சொருகினா பிள்ளை என்னத்துக்காகும்? காளி, நீ சொல்லுப்பா."

காளீஸ்வரன் கார்க் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் பிரசவத்துக்கு வந்த வேறு குடும்பங்கள் திரும்பிப் பார்த்தன.

"அன்னைக்கு நானும்தான் அந்தக் கார்ல இருந்தேன்" என்றாள் முருகலட்சுமி. குரல் இறங்கிவிட்டது. "பின்னாடிதான் இருந்தேன். எங்கிட்டக் குடுத்திருந்தா..." ஒன்றரை வருஷமாக உள்ளேயே இருந்த சொல் அது. செவ்வந்திக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

"உங்க கையிலயும் நின்னுருக்காது அத்தே" என்றாள் செவ்வந்தி. சண்டைக்குச் சொல்லவில்லை. பார்சலின் எடையைச் சொல்வது போலச் சொன்னாள். "நான் ரெண்டு கையாலயும்தான் பிடிச்சிருந்தேன். யாரு கையிலயும் நிக்காது. இங்கன குடுங்க."

முருகலட்சுமி பிள்ளையின் நெற்றியை ஒருதரம் தடவினாள். பிறகு பிள்ளையைக் கொடுத்தாள்.

செவ்வந்தி கெட்டித் துண்டைப் பிரித்து எடுத்தாள். அது இருந்தால் வார் இறுகாது. பிள்ளையைச் சீட்டில் கிடத்தி, சின்னக் கைகளை வாருக்குள் விட்டு, கொக்கியை மாட்டி, கீழே தொங்கிய பட்டையை இழுத்தாள். தோளருகே வாரைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளுக்கு அகப்படவில்லை. அதற்குப் பிறகு துண்டை மேலாக்கப் போர்த்தினாள். அவளும் மாமியாரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். உறைக்கடியில் கிடந்த மற்ற கொக்கிகளையும் இதற்குள் வேல்ராஜ் வெளியே எடுத்துவிட்டிருந்தான். "நீங்களும் போடுங்க" என்று மாமியாரின் பெல்ட்டை அவளே இழுத்து மாட்டினாள். காளீஸ்வரன் முன்னால் வேல்ராஜுக்குப் பக்கத்தில் ஏறினான்.

வழியில் வாலாந்தரவை ஊர் வரை பிள்ளை தூங்கியது. பிறகு விழித்துக்கொண்டு அழுதது. முதலில் பூனைக்குட்டி மாதிரி, பிறகு முகமெல்லாம் சிவந்து, மூச்சை இழுத்து இழுத்து. முருகலட்சுமி "ஓ ஓ" என்று தட்டினாள். அடங்கவில்லை. அவள் கை வாரின் கொக்கிக்குப் போனது.

"கழட்டு தாயி. வீடு இந்தா வந்துருச்சு. பத்து நிமிசம்தானே. மெதுவாத்தான் போறான்."

காளீஸ்வரன் திரும்பவில்லை. ஆனால் அவன் கை மேலே இருந்த கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தது.

செவ்வந்தி மாமியாரின் கையை எடுத்து மெல்ல அப்புறம் வைத்தாள். "வேலு, ஓரமா நிறுத்து. நல்லா ரோட்டை விட்டு இறக்கி நிறுத்து."

ஒரு கருவேல நிழலைப் பார்த்து வேல்ராஜ் இறக்கி நிறுத்தி இஞ்சினை அணைத்தான். அதன் பிறகே அவள் கொக்கியைக் கழற்றிப் பிள்ளையை எடுத்தாள். வேல்ராஜ் தண்ணீர் பாட்டிலோடு தள்ளிப்போனான். காருக்குள் உட்கார்ந்தே பால் கொடுத்தாள். ராமேஸ்வரம் போகும் வண்டிகள் சர்சர் என்று கடந்தன. ஒவ்வொன்றுக்கும் கார் லேசாக ஆடியது. முருகலட்சுமி சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

காளீஸ்வரன் இறங்கி வந்து செவ்வந்தி பக்கக் கதவருகே குத்துக்கால் வைத்து உட்கார்ந்தான். தரையைப் பார்த்துச் சொன்னான்.

"அன்னைக்கு முன்னாடி வரச் சொன்னது நான்தான். ஏசி அங்கனதான் நல்லா வருதுன்னு சொன்னேன்."

செவ்வந்தி யோசித்துப் பார்த்தாள். அவன் அப்படிச் சொன்னதாகவே அவளுக்கு நினைவில்லை. அவளே கதவைத் திறந்து வந்ததுதான் நினைவிருந்தது. இத்தனை நாளும் அதை அவள் தன்னுடையதாகவே வைத்திருந்தாள்.

"நீங்க சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"நான்தான் வந்தேன்" என்றாள்.

"ஆமா. நான் சொல்லித்தான் வந்தே."

அவன் மண்ணில் ஒரு குச்சியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். அழுகை வந்தால் நன்றாக இருக்கும் என்று அவள் நினைத்தாள். வரவில்லை. கால் மரத்துப்போனால் ஊசி குத்துவது போல உள்ளே எங்கோ ஓர் இடத்தில் குத்தியது, அதுவும் நின்றுவிட்டது. பிள்ளை குடித்து முடித்து வாயோரம் பால் வழியத் தூங்கியது. தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை தட்டினாள். இருபது நிமிஷம் ஆகியிருந்தது. முருகலட்சுமி சொன்னாள், "உக்கார வச்சுக் கட்டு. வெயில் ஏறுது."

உச்சிப்புளியில் பக்கத்து வீட்டு நாகலெட்சுமி ஆலாத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். தூங்குகிற பிள்ளையை அப்படியே சீட்டோடு தூக்கி உள்ளே வைத்துவிடலாம் என்றாள். கூடாது, இதில் காரில் மட்டும்தான் இருக்கலாம், வீட்டில் சமதளத்தில் மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும் என்று செவ்வந்தி சொல்லி, பிள்ளையைக் கையில் எடுத்தாள். ஆலாத்தி சுற்றிப் பொட்டு வைத்தார்கள்.

வேல்ராஜுக்கு மண்டபத்தில் அடுத்த சவாரி இருந்தது. காளீஸ்வரன் வெயிலில் குனிந்து பெல்ட்டைத் தளர்த்திச் சீட்டைக் கழற்றினான். தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தவன் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடுவில் நின்றான்.

"பரண்ல போட்டுரவா?"

"வேண்டாம். ஒன்றரை மாசத்துல தடுப்பூசிக்குப் போகணும்" என்றாள் செவ்வந்தி. "கட்டிலுக்கு அந்தப் பக்கம் வைங்க."

வைத்தான். அவள் பிள்ளையைப் பாயில் கிடத்திப் பக்கத்தில் படுத்தாள். பிள்ளையின் தோளில், வார் பட்ட இடத்தில் லேசாக ஒரு சிவப்பு இருந்தது. அதன்மேல் ஒரு விரலை வைத்தாள். சூடாக இருந்தது. விரலை எடுக்காமல், வெளியே நாகலெட்சுமியிடம் மாமியார் என்னவோ சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டபடி, அப்படியே தூங்கிப்போனாள்.